நேற்றைய கணக்கில் கிடந்த கத்தரிக்காய்

யாழ்ப்பாணம் சுன்னாகம் சந்தையில் கமிசன் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவருக்குக் கணக்கு எழுதும் வெப் அப் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். தோட்டக்காரர் கொண்டு வரும் மரக்கறி, நிறை, விலை, கமிசன் கழித்து அவருக்குக் கொடுக்க வேண்டிய காசு, இவ்வளவுதான். என் மடிக்கணினியில் வைத்துப் பார்த்தவரை ஒரு குறையும் இல்லை. போன கிழமை அதை வாடகைக்கு எடுத்த உபுண்டு (லினக்ஸ் வகை) சேர்வருக்கு மாற்றினேன்.

முதல் நாள் வந்தவை வழக்கமான பிழைகள். பாதிப் படங்கள் வரவில்லை, பைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வின்டோஸுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. கணக்குத் துண்டைப் படம் எடுத்து ஏற்றினால் 413, அதாவது பைல் பெரிதாகிவிட்டது என்றது, நாங்கள் கூட்டிக் கொடுக்காவிட்டால் சேர்வரில் பக்கங்களைக் கொடுத்து வாங்கும் என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வாங்காது. பிழைகள் பதிவாகும் லொக் பைலைத் திறந்தால் எல்லாம் எழுதியிருந்தது, ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஐயா போன் எடுத்தார். "தம்பி, இண்டைக்கு வந்த கத்தரிக்காய் நேற்றைய கணக்கிலை கிடக்கு."

லொக்கில் ஒரு பிழையும் இல்லை. பதிகிற பெடியன் திகதியை மாற்றிப் போட்டிருப்பான் என்று நினைத்தேன். அவனைக் கேட்டால், "அண்ணை, திகதி தானாத்தானே வருது" என்றான். உண்மைதான், அப்படிச் செய்து வைத்தது நான். சந்தையில் விலை நாளுக்கு நாள் மாறும், திகதி பிசகினால் ஒரு தோட்டக்காரருக்குப் போகிற காசே பிசகும். அதனால் அடுத்த நாள் விடிய முன்னமே கொக்குவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய்க் கடையில் அவன் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

4:40க்குக் கத்தரிக்காய் 42 கிலோ. திரையில் நேற்றைய திகதி. 5:25க்குப் பயித்தங்காய், அதுவும் நேற்று. 5:35க்கு வெங்காயம் வந்தது, இன்றைய திகதி! ஐந்தரை மணி என்றதும் விளங்கிவிட்டது. சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. இங்கே விடிய ஐந்தரை ஆகும்போதுதான் அங்கே நாள் மாறுகிறது. திகதியை, கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் தான் போடுகிறது, அது வேறொன்றும் சொல்லாவிட்டால் இயந்திரத்தின் நேரத்தையே எடுக்கும். என் மடிக்கணினி இலங்கை நேரத்தில் ஓடுவதால் அங்கே இந்தப் பிழை வரவே வழியில்லை.

சேர்வரின் நேரத்தையே மாற்றிவிடலாம், ஆனால் நாளைக்கு வேறு சேர்வருக்குப் போனால் அதே பிழை திரும்பி வரும். ஆகவே டேட்டாபேஸுடன் இணையும் இடத்திலேயே நேர வலயத்தைச் சொல்லி வைத்தேன். ஏசியா/கொழும்பு என்று கொடுத்தேன், ஏற்கவில்லை. அந்தப் பெயர்கள் இருக்கும் அட்டவணைகளை மைஎஸ்கியூஎல்லில் தனியாக ஏற்ற வேண்டும். +05:30 என்று எண்ணாகக் கொடுத்தால் அது தேவையில்லை. (1996இல் இலங்கை மணியை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. அந்தக் காலத்துத் தரவு வைத்திருப்பவர்கள் பெயரைத்தான் பாவிக்க வேண்டும், எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.) அப் எழுதிய மொழியான பிஎச்பிக்குத் தனி அமைப்பு, அதையும் மறக்காமல் மாற்றினேன்.

அப்புறம் பிழையாகப் பதிந்த வரிகள். திகதியை மட்டும் வைக்கும் டேட் வகைப் பத்தியில் விழுந்த திகதி தானாகத் திருந்தாது. நல்ல காலம், ஒவ்வொரு வரியிலும் பதிந்த நேரத்தை டைம்ஸ்டாம்ப் வகையில் வைத்திருந்தேன், அது உள்ளே யூடிசியில் இருந்து, கேட்கும்போது கேட்பவரின் நேரத்துக்கு மாறி வரும். முதலில் பாக்கப் எடுத்தேன், பிறகு அந்த நேரத்தில் இருந்து திகதியை எடுத்து எல்லா வரிகளையும் திருத்தினேன். ஐயா தன் கைச்சிட்டையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பேனையால் சரி போட்டுக்கொண்டு வந்தார், கடைசி வரி முடியும்வரை நானும் எழும்பவில்லை.