சந்தகை புழியறதுக்கு மட்டும் ஆம்பளை

எங்க பக்கம் எந்த ஒறம்பரை (சொந்தக்காரங்க) கூடுனாலும் பந்தி முடிஞ்சு வெத்தலை போடற நேரத்துல யாராவது ஒரு பெரியவர் இந்தப் பேச்சை ஆரம்பிச்சிருவாங்க, "இப்பத்தப் பொம்பளைங்களுக்கு சந்தகை செய்யத் தெரியுதா, கம்மஞ்சோறு ஆக்கத் தெரியுதா, எல்லாம் கடையில வாங்கித் திங்கறதுதான்"ன்னு. (சந்தகைன்னா இடியாப்பம் மாதிரி நூலு நூலா புழியற பண்டம்.) உக்காந்திருக்கறவங்க எல்லாம் ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டுவாங்க. அந்த நேரத்துல உள்ள எச்சில் இலை எடுத்துட்டு அண்டா கழுவிட்டு இருக்கறது யாருன்னு பாத்தா அதே பொம்பளைங்கதான். இத சின்ன வயசுலருந்து கேட்டு கேட்டு எனக்கு மனசுல ஒண்ணு தேங்கியிருக்கு, அதத்தான் இங்க எழுதறேன்.

எங்க ஊரு கோபிசெட்டிபாளையம் பக்கம். கொடிவேரி அணைலருந்து வர்ற தடப்பள்ளி வாய்க்கால் பாயற இடத்துல நெல்லு, கரும்பு, மஞ்சள், அதுக்கு மேல வாய்க்கால் ஏறாத மேட்டுக்காட்டுல கம்பு, சோளம், கொள்ளு, எள்ளு. அதனால ரெண்டு விதமான சாப்பாடும் எங்க ஆத்தா (அப்பாவோட அம்மா) சமையல்ல இருந்துச்சு. சந்தகைன்னா வீட்டுல யாராவது வந்திருக்காங்கன்னு அர்த்தம், இல்லைன்னா நோம்பி (பண்டிகை).

சந்தகை செய்யறதப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது ஒரு ஆள் வேலையே இல்ல. புழுங்கல் அரிசிய ஊற வெச்சு, நல்லா நைசா, இட்லி மாவ விடக் கெட்டியா ஆட்டணும், உப்புப் போடணும், புளிக்க விடக்கூடாது. அத இட்லியா ஊத்தி வேக வெச்சு, வெந்ததும் சூட்டோட எடுத்து சந்தகை மிஷின்ல போட்டுப் புழியணும். சூடு கொஞ்சம் ஆறுனாப் போதும், என்ன அழுத்துனாலும் இறங்காது. அதனால ஒருத்தர் அடுப்புக்கிட்ட நின்னு இட்லி எடுக்கணும், ஒருத்தர் அத மிஷினுக்குள்ள போடணும், ஒருத்தர் கைப்பிடிய சுத்தணும், இன்னொருத்தர் கீழ தட்டப் புடிச்சு இறங்கற சந்தகைய வட்டமா வாங்கணும். அந்தப் பக்கம் தேங்கா துருவி பால் புழிஞ்சு வெல்லம், ஏலக்கா போட்டு வெக்கணும், பாதிய தாளிக்கறதுக்கு எலுமிச்சம்பழம் அறுத்து வெக்கணும், கறிக்கொழம்பு இருந்தா அது வேற.

இதுல ஆம்பளை வர்றது ஒரே ஒரு இடத்துல. புழியறதுக்கு. எங்க ஆத்தா காலத்துல மரச் சந்தகைதான், மேல இருக்கற கட்டைய பலமா அழுத்தணும், அதுக்கு அப்பாரு (தாத்தா) வருவாரு, இல்லைன்னா பண்ணையத்துல இருக்கற ஆளு. அப்பறம் மூணு காலு வெச்ச இரும்பு மிஷின் வந்துச்சு, அதுக்கு எங்க அப்பா, சித்தப்பா. "ஏனுங்க, இட்லி வெந்துருச்சுங்க"ன்னு அம்மா ஆசாரத்தப் (வீட்டு முன்கூடத்த) பாத்துக் குரல் குடுப்பாங்க. அப்பா வந்து வேர்க்க வேர்க்க சுத்திக் குடுத்துட்டுப் போவாரு. நெசமாவே கஷ்டமான வேலைதான், அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. ஆனா முந்தின நாளு அரிசி ஊறப் போட ஞாபகம் வெச்சிருந்தது, தேங்கா இருக்கான்னு பாத்தது, கடைசில அந்த மிஷினோட சின்னச் சின்ன ஓட்டைலயெல்லாம் ஒட்டியிருக்கற மாவ ஊற வெச்சு சீமாத்துக் குச்சியால ஒவ்வொண்ணா குத்திக் கழுவுனது, அதெல்லாம் அம்மாவும் சித்தியும் ஆத்தாவும். சாப்புட்டவங்க நாளைக்கும் பேசறது என்னமோ "இன்னைக்கு சந்தகைய உங்கப்பன் புழிஞ்சான்"ங்கறதுதான்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரு பண்டம் செய்யற வழக்கம் அழியறது, செய்யற பொம்பளைக்கு சோம்பேறித்தனம் வந்ததால இல்ல. அந்தப் பண்டம் நாலஞ்சு கைக்குன்னு அமைஞ்சது. இப்ப அந்த வீட்டுல மிச்சம் இருக்கறது ஒரு ஜோடிக் கை. மாமியா, நங்கையா, ஓரகத்தி எல்லாம் ஒரே வீட்டுல இருந்த காலத்துல நடந்தத தனியா இருக்கற ஒருத்திகிட்ட எதிர்பாத்துட்டு, அவளால முடியலன்னதும் அவளக் கொறை சொல்றது நியாயமே இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. எங்க பக்கத்து அன்றாடச் சமையல் எல்லாமே நேரமில்லாத பொம்பளைங்க கண்டுபுடிச்ச சமையல். அரிசிம்பருப்ப எடுத்துக்கங்க. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மெளகு, வரமொளகா தாளிச்சு அரிசியும் துவரம்பருப்பும் ஒண்ணாப் போட்டு ஒரே போசில (பாத்திரத்துல) ஆக்கறது. மேல நெய்யோ தேங்கா எண்ணெயோ ஊத்தி, கூட ஒரு தயிரு, ஊறுகா, அவ்வளவுதான். இன்னைக்கு ஓட்டல்ல கொங்கு ஸ்பெஷல்னு போட்டு விக்கறாங்க, ஆனா அது களையெடுத்துட்டுப் பொழுதோட வீடு வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்துட்டு, அதுக்கு மேல கொழம்பு தனியா பொரியல் தனியான்னு நிக்க முடியாத பொம்பளை ஆக்குன சோறு. கொள்ளும் அப்படித்தான், ஒரு தடவ வேக வெச்சா தண்ணிய வடிச்சு ரசம், பருப்ப மத்துல கடைஞ்சு சோத்துக்கு, ஒரு வெறகுச் செலவுல ரெண்டு. ராத்திரி ஆக்குன கம்மஞ்சோத்த உருண்டை புடிச்சு தண்ணில போட்டு வெச்சா காலைல அடுப்பே பத்த வேண்டியதில்ல, மோர் ஊத்திக் கரைச்சு வெங்காயத்தக் கடிச்சுட்டுக் காட்டுக்குப் போயிடலாம். இதையெல்லாம் ஆரோக்கியம், பாரம்பரியம்னு பேசறோம், சரிதான். ஆனா இதுக்குப் பின்னால இருந்தது ரெண்டு வேலைய ஒரே உடம்புல இழுத்த பொம்பளைங்களோட கணக்கு. அந்தக் கணக்க யாரும் பேசறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு.

கம்பு குத்தறதப் பத்தி ஆத்தா சொல்லுவாங்க. தண்ணி தெளிச்சுப் பெசறி உரல்ல போட்டு ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னு மாத்தி மாத்தி உலக்கை போடணும், உமி கழண்டதும் மொறத்துல பொடைச்சு, மறுபடி குத்தி ஒடைக்கணும். இது அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு அன்னைக்கே செய்யறது. "அப்பாரு கூடக் குத்துவாராங்காத்தா?"ன்னு நான் கேட்டப்ப ஆத்தா என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "அவிய எதுக்கு அம்மிணி உலக்கையத் தொடப் போறாங்க"ன்னாங்க. கோவமோ வருத்தமோ அதுல இல்ல, வெயில் அடிக்குதுங்கற மாதிரிச் சொன்னாங்க. அந்த அப்பாருதான் கெடா வெட்டுனா தோல் உரிச்சு, கறி போட்டு, மஞ்சத்தூள் தடவி, பெரிய சட்டில கொழம்பு கூட்டறது வரைக்கும் தனியாளா நின்னு செய்வாரு. கோயில் பொங்கலுக்கு அண்டாவுல சோறு வடிச்சவரும் அவருதான். ஆகச் சமையல் தெரியாதவரு இல்ல, செய்ய மாட்டேன்னு அடம் புடிச்சவரும் இல்ல. நாளைக்கும் நாளன்னைக்கும் திரும்பத் திரும்ப வர்ற சமையல்ல மட்டும் அவரு இல்ல.

மிஷின் வந்தா மாறும்னு எல்லாரும் நெனச்சாங்க. மாறவும் செஞ்சுச்சு, அதுல பொய் இல்ல. கோயமுத்தூர்ல 1955ல சபாபதிங்கறவரு கண்டுபுடிச்ச கிரைண்டர் வந்து ஆட்டுக்கல்லுலருந்து பொம்பளைங்க தோள்பட்டையக் காப்பாத்துச்சு, ஆனா அது காசு இருந்தவங்க வீட்டுக்கு. எங்க ஊருல பாதி வீட்டுக்கு மிக்ஸி, கிரைண்டர் வந்தது 2011ல அரசாங்கம் இலவசமா குடுக்க ஆரம்பிச்சப்பறம்தான். கேஸ் அடுப்பு வந்து கண்ணு எரிச்சல் போச்சு. நேரம் மிச்சமாச்சு, சரி, அந்த மிச்ச நேரம் எங்க போச்சுன்னா பனியன் கம்பெனிக்கு. காலைல கம்பெனி வேன் வர்றதுக்குள்ள சோறாக்கி டப்பா கட்டி, சாயந்திரம் வந்து மறுபடி ராத்திரிக்கு. நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கும் அதேதான், வீட்டு வேலை முடிச்சுட்டுத்தான் மம்முட்டி எடுக்கறாங்க. கிரைண்டர் சுவிட்ச் போடறதுக்குப் பலம் வேண்டியதில்ல, அப்படியும் அத ஆம்பளைங்க போடல பாருங்க.

இது எங்க ஊருக் கதை மட்டும் இல்ல. மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் 2019ல நாடு பூரா யாரு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு சர்வே எடுத்தாங்க. ஆறு வயசுக்கு மேல இருக்கற பொண்ணுங்கள்ல 100க்கு 81 பேரு சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யறாங்க, ஆம்பளைங்கள்ல 26 பேருதான். அப்படிச் செய்யறவங்கள்லயும் பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைக்கு 97. திரும்ப 2024ல எடுத்தப்ப பொம்பளைக்கு 289, ஆம்பளைக்கு 88. அஞ்சு வருஷத்துல அவங்களுக்குக் கொறைஞ்சது பத்து நிமிஷம், இவங்களுக்கும் ஒம்பது நிமிஷம் கொறைஞ்சிருச்சு. இதப் படிச்சப்ப எனக்கு எங்க அம்மா மொகம்தான் வந்துச்சு.

ஒரு விஷயம் நெசமாவே காலை நேரத்த மாத்துச்சு, பள்ளிக்கூடத்துல காலை உணவு. 2022 செப்டம்பர் 15ல மதுரைல ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் வந்துச்சு. அஞ்சாவது வரைக்கும் படிக்கற குழந்தைங்களுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார்னு சூடா குடுக்கறாங்க. வேனுக்கு ஓடற அம்மாமாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அங்க சமைக்கறவங்களும் மகளிர் குழுவுல இருக்கற பொம்பளைங்கதான். சம்பளத்தோட செய்யறாங்கங்கறது நல்லது.

எங்க வீட்டுல மாறுனது எப்படின்னா அம்மாவுக்குத் தோள்பட்டை ஆபரேஷன் ஆனப்ப. கைய மூணு மாசம் தூக்கக்கூடாதுன்னுட்டாங்க. நான் கட்டிக் குடுத்து ஈரோட்டுல இருக்கேன், வாரத்துல ஒரு நாளுதான் போக முடியும். அங்க இருந்தது அப்பாவும் கல்யாணமாகாத தம்பியும். மொதல்ல சித்தி வந்து ஆக்கிக் குடுத்துட்டுப் போனாங்க, ஒரு கட்டத்துல தம்பியே "சித்தி, நீங்க இருக்கற வேலைல எதுக்குங்க நடந்துட்டு, நாங்களே பாத்துக்கறோம்"னுட்டான். அம்மா கட்டில்ல உக்காந்து சொல்லச் சொல்ல அவன் செஞ்சான். உப்பு எவ்வளவுங்கம்மான்னு கேட்டா அம்மா உள்ளங்கையக் குவிச்சுக் காட்டுவாங்க, அவன் கை பெருசு, அதனால கொஞ்ச நாளு எல்லாமே உப்பாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஸ்பூன் கணக்கு வெச்சுக்கிட்டான்.

அப்பா அடுப்புக்கிட்ட வரல. ஆனா அவரு எடுத்துக்கிட்ட வேலைதான் எனக்குப் பெருசாப் படுது. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நாளைக்கு என்னன்னு யோசிச்சு ஊறப் போட வேண்டியத ஊறப் போடறது, பாலுக்கு ஒறை ஊத்தறது, அரிசி பருப்பு எவ்வளவு இருக்குன்னு பாத்து வாங்கிட்டு வர்றது. பொம்பளைங்களுக்குத் தெரியும், அடுப்புல நிக்கறத விட இந்த யோசனைதான் ஆள அரிக்கும். நாளைக்கு என்ன, நாளைக்கு என்னன்னு தூங்கறப்பவும் ஓடிட்டே இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல அம்மா மண்டைல மட்டும் ஓடிட்டிருந்தது இப்ப அப்பா மண்டைல ஓடுது. அம்மாவுக்குக் கை சரியானதுக்கப்பறமும் அத அவரு விடல. ஒரு நாளு போன்ல "இன்னைக்கு என்னங்கம்மா சாப்பாடு"ன்னு கேட்டேன், "தெரியலையே அம்மிணி, உங்கப்பா என்ன ஊறப் போட்டிருக்காருன்னு பாக்கணும்"னாங்க. அந்தக் குரல்ல இருந்த லேசான சந்தோஷத்த நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல.

ஊருல பேசுனாங்க. "பையன வெச்சு சமைக்க வெக்கறீங்களாமா"ன்னு அம்மாகிட்டயே வந்து கேட்டாங்க. அம்மா மொதல்ல சங்கடப்பட்டாங்க, யாராவது வர்ற சத்தம் கேட்டா தம்பி கைலருந்து கரண்டிய வாங்கிக்குவாங்க. இப்ப வாங்கறதில்ல.

இந்த வருஷம் ஆடி 18க்கு எல்லாரும் தோட்டத்துல கூடுனோம். சந்தகைதான் செய்யணும்னு தம்பி சொன்னான். மாவு ஆட்டுனது அவன், இட்லி ஊத்துனது எங்க வீட்டுக்காரரு, தேங்கா துருவுனது சித்தப்பா பையன், தட்டு புடிச்சது என் பையன், மிஷின் சுத்துனது நான். கைப்பிடி நெசமாவே கனம்தான், ஆனா இட்லி சூடா இருந்தா ஒரு பொம்பளையால தாராளமா முடியும், நடுவுல நிறுத்தாம ஒரே ஓட்டமா சுத்தணும், அவ்வளவுதான். மொதல் ரெண்டு ஈடு மாவு கொஞ்சம் தண்ணியாகிப் போயி பிசுபிசுன்னு ஒட்டுச்சு. அப்பறம் அம்மா சொன்னபடி அச்சுல நல்லெண்ணெய் தடவி, மிச்ச மாவுல கொஞ்சம் அரிசி மாவு கலந்ததும் நூலு நூலா இறங்குச்சு. ஆத்தா வாசல்ல கட்டில்ல உக்காந்து தேங்காப்பால் ஊத்துன சந்தகைய வட்டல்ல வாங்கி ரெண்டு தடவ சாப்புட்டாங்க.

மிஷின் ஓட்டைங்களக் குத்திக் கழுவுனது யாருன்னு கேப்பீங்க. அப்பாவும் சித்தப்பாவும். ஊற வெச்சு உக்காந்து ரொம்ப நேரம் கழுவுனாங்க, சித்தப்பா நடுவுல, "இத்தன ஓட்டையாடா இருக்குது இதுல"ன்னாரு. அடுத்தது ராகிக் களி கத்துக்கலாம்னு தம்பி சொல்லியிருக்கான், அதுக்குக் களி கிண்டற துடுப்பு உடைஞ்சு கெடக்கு, புதுசா ஒண்ணு செய்யச் சொல்லி ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு.