லாரி காத்திருப்பது கையெழுத்துக்காக

2025 மார்ச் 28 மதியம் மியான்மரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. மறுநாள் பொழுது விடியும் முன்பே, டெல்லியை ஒட்டிய ஹிண்டன் விமானப்படைத் தளத்திலிருந்து 15 டன் நிவாரணப் பொருளோடு சி-130ஜே விமானம் யாங்கூனுக்குக் கிளம்பிவிட்டது. ஆப்கானிஸ்தானுக்கு நிவாரணமாக அனுப்பிய கோதுமையின் கதை இதற்கு நேர்மாறு. 50,000 டன்னைத் தரைவழியாகக் கொண்டுபோக 2021 அக்டோபரில் இந்தியா பாகிஸ்தானிடம் வழி கேட்டது. சம்மதம் வந்தது நவம்பர் கடைசியில். யாருடைய லாரி, மூட்டை எங்கே கைமாறும், அந்தப் பக்கம் யார் பொறுப்பேற்பார்கள் என்று பேசி முடித்து, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தோடு ஒப்பந்தமும் போட்டு, முதல் 2,500 டன் அட்டாரி எல்லையைத் தாண்டியபோது 2022 பிப்ரவரி 22 ஆகிவிட்டது. அந்த நாட்டின் குளிர்காலம் முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

இவ்வளவு தாமதமென்றால் விமானத்திலேயே அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் தெரியும். முகாமில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது ஏற்கப்பட்ட அளவு. அரிசியோ கோதுமையோ 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, உப்பு 5 என்று வைத்தாலே அரைக் கிலோவை நெருங்கும். 10,000 பேருக்குத் தினமும் ஏறக்குறைய 5 டன். அந்த 15 டன் விமானம் முழுக்க உணவையே ஏற்றினாலும் மூன்று நாள் சாப்பாடு, அவ்வளவுதான். தண்ணீர் தலைக்கு 15 லிட்டர் வீதம் ஒன்றரை லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் தினமும் பதினைந்து நடை. இருபது பேருக்கு ஒன்று என்று 500 கழிப்பறை. ஆகவே விமானத்தில் ஏற வேண்டியது மீட்புக் குழு, மருந்து, கூடாரம், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி. மாதக்கணக்கில் சோறு போட கப்பலும் லாரியும்தான். லாரி போகும் பாதை பெரும்பாலும் இன்னொருவர் வாசல் வழியாகத்தான் இருக்கும்.

சிரியா இதற்கு மோசமான உதாரணம். துருக்கி முதலான அண்டை நாடுகளிலிருந்து நான்கு எல்லைகள் வழியே உதவி அனுப்ப 2014இல் ஐ.நா. பாதுகாப்பு அவை அனுமதித்தது. அது தேய்ந்து தேய்ந்து 2020இல் பாப் அல்-ஹவா என்ற ஒற்றை வாசலானது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அதற்குப் போகும் சாலையும் சேதமாக, வடமேற்கு சிரியாவுக்குள் ஐ.நா.வின் முதல் வண்டிகள் நுழையவே 9ஆம் தேதி. இடிபாட்டுக்குள் உயிரோடு இருப்பவர்களுக்கு முதல் மூன்று நாள்தான் முக்கியம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதே ஆண்டு ஜூலையில் ரஷ்யாவின் வீட்டோவால் அந்த அனுமதியும் காலாவதியானது.

முன்கூட்டியே செய்தால் நடக்கிறது என்பதற்குக் காட்மாண்டு சாட்சி. திரிபுவன் விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. அங்கே நிவாரணச் சரக்கைப் பிரித்து அடுக்குவதற்கென்றே ஒரு வளாகத்தை 2015 மார்ச்சில் திறந்தார்கள். ஏப்ரல் 25 நிலநடுக்கம். அந்த இடம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் கஸ்டம்ஸ் விதிகளை அப்படி முன்பே தளர்த்தி வைக்கவில்லை. தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் வரிவிலக்கு வர நாள்கள் பிடித்தன. ஓடுபாதை தாங்காது என்று மே முதல் வாரத்தில் பெரிய விமானங்களையும் நிறுத்தினார்கள்.

பணத்திலும் இதே கதைதான். ஓர் இடத்தில் பஞ்சம் என்று அறிவிக்க, ஐந்தில் ஒரு குடும்பம் உணவே இல்லாத நிலையில் இருக்க வேண்டும், குழந்தைகளில் 30 சதவீதம் பேர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும், பத்தாயிரத்துக்கு இருவர் தினமும் சாக வேண்டும். 2011 சோமாலியப் பஞ்சத்தில் சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்; அதில் பாதிப் பேர் அறிவிப்பு வருவதற்கு முன்பே இறந்தவர்கள். மழை பொய்த்ததுமே பணம் விடுவிக்க உடன்பாடு வேண்டும். அறிவிப்புக்குக் காத்திருப்பதை எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காகித வேலையில் தடுக்கி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். பெறுநர் என்ற இடத்தில் ‘பாதிக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதினால், துறைமுகத்தில் அதை எடுக்க ஆளே இருக்காது. மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு மிச்சம் வேண்டும். பெட்டியில் மருந்தின் பொதுப்பெயர் வேண்டும், நம்மூர் பிராண்ட் பெயர் அங்கே எந்த டாக்டருக்கும் புரியாது. பிளீச்சிங் பவுடர் விமானத்தைப் பொறுத்தவரை அபாயச் சரக்கு. தனி பேக்கிங்கும் அறிவிப்புப் படிவமும் இல்லையென்றால் இறக்கிவிடுவார்கள். ஜெனரேட்டர் டேங்கில் டீசல் மிச்சமிருந்தாலும் அதே கதி.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது தமிழ்நாடு எப்படிச் செய்தது என்று பாருங்கள். வெளியுறவு மத்திய அரசின் கையில் இருப்பதால் மாநிலம் நேராக அனுப்ப முடியாது. 2022 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம். மே 18 அன்று 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்தோடு சென்னையிலிருந்து கப்பல். தமிழர்களுக்கு என்று தொடங்கிய பேச்சு இலங்கை மக்கள் எல்லோருக்கும் என்று மாறியதும் வேலையை எளிதாக்கியது என்றே நினைக்கிறேன். அரசு அரசுக்குத் தந்தது, பட்டியல் தெளிவு, வாங்குபவர் யார் என்பதில் குழப்பமில்லை.

டெல்லித் தமிழர்களிடமிருந்து எங்களுக்கு வரும் தொலைபேசி வேறு மாதிரி. ஆர்.கே.புரத்திலிருந்தோ மயூர் விஹாரிலிருந்தோ, “சார், துணி மூட்டை நிறைய சேர்ந்திருக்கு, எந்த ஃப்ளைட்ல ஏத்தறது?” என்பார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி தெருவோரம் குவிந்து கிடந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பணமாகத் தரலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். இங்கே பதிவான அறக்கட்டளை தன் பணத்தை வெளிநாட்டில் செலவிட நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லையென்றால் வரிவிலக்கு போய்விடும். தனி ஆள் தன் வங்கி வழியாக நன்கொடையாக அனுப்பலாம். அது சட்டத்துக்கு உட்பட்டது. துணி மூட்டையை ஆற்றங்கரைக்காக வைத்திருங்கள் என்று சொல்வோம். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு ஏறியபோது மயூர் விஹார் சாலையோரக் கூடாரங்களில் இருந்தவர்களுக்குத் துணி தேவைப்பட்டது. அதற்குக் கஸ்டம்ஸும் கிடையாது.