மருதமுனைச் சாறனும் மடிப்பு விழுந்த போர்வையும்

மார்கழி மழைக்கு மட்டக்களப்பிலும் விடியப்புறம் குளிரத்தான் செய்கிறது என்று, மேலே அம்மாவின் பழைய பருத்திச் சீலை, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் தையல் பிரித்த மருதமுனைச் சாறன் வைத்துப் போர்வை தைக்கத் தொடங்கினேன். நாலாவது தையல் கோட்டில் திருப்பிப் பார்த்தால் சாறனில் சுண்டுவிரல் அளவு மடிப்பு, அதன் மேலேயே நூல் ஓடியிருக்கிறது! பிரித்தெடுக்க ஒரு பின்னேரம் போனது.

மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் அடிப்பல் கீழ்த்துணியை இழுக்கிறது, மேலிருந்து அழுத்தும் பாதம் மேல்துணியைப் பின்தங்க வைக்கிறது, அப்புறம் எப்படி மூன்றும் ஒன்றாக நகரும்? மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம் இருந்தால் பாதித் தொல்லை இல்லை. என்னிடம் இல்லாததால் பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, தையல் நீளத்தை 3 மில்லிமீற்றருக்கு வைத்தேன்.

ஆனால் உண்மையான வேலை தரையில்தான். சாறனைத் துவைத்து, ஸ்திரி போட்டு, நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். சுருக்கமில்லாமல் படிந்தால் போதும், விறைக்க இழுத்தால் டேப்பைக் கழற்றியதும் துணி சுருங்கி மேலே அலையடிக்கும். பஞ்சையும் சீலையையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின். இது போர்வையா முள்ளம்பன்றியா என்று மாமி கேட்டார்.

முதல் கோடு நடுவில், பிறகு வெளிப்பக்கமாக. போர்வை மேசையிலிருந்து தொங்கினால் அந்தப் பாரமே துணியை இழுக்கும், பக்கத்தில் ஒரு கதிரை போட்டுத் தாங்கவிட்டேன். இந்த முறை ஒரு மடிப்புத்தான், அதுவும் ஓரத்தில்.