தண்டனை நின்றால் போதுமா?

தண்டனை விதிக்கப்பட்ட அன்றே ஜாமீன் கிடைத்து வெளியே வந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "சார், நாளைக்கு ஆபீஸ் போகலாமா?" என்பது. கட்சிக்காரர், அதாவது வக்கீல் யாருக்காக வாதாடுகிறாரோ அவர், அரசு ஊழியர் என்றால் வக்கீல் நிதானித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

குற்றம் நிரூபணமாகிவிட்டது, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றவாளி என்று நீதிபதி முடிவு சொல்வது குற்றத்தீர்ப்பு. அதன்பின் எதிரியிடம் கேட்டுவிட்டு, இத்தனை ஆண்டு, இவ்வளவு அபராதம் என்று விதிப்பது தண்டனை. எதிரி ஏற்கெனவே ஜாமீனில் இருந்து, தண்டனையும் 3 ஆண்டுக்கு மேல் போகாவிட்டால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி அதே நீதிமன்றத்திலேயே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 430-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 389. ஆனால் நிற்பது தண்டனை மட்டும்தான். குற்றவாளி என்ற முடிவு அப்படியே இருக்கிறது. அதைக் கொண்டே, அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவுப்படி, துறை விசாரணை நடத்தாமலே பணிநீக்கம் செய்ய முடியும்.

ராகுல் காந்தி வழக்கைப் பாருங்கள். 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் 2 ஆண்டு விதித்தது; மேல்முறையீட்டுக்காக அன்றே தண்டனையை 30 நாள் நிறுத்தியும் வைத்தது. மறுநாளே எம்.பி. பதவி போயிற்று. ஆகஸ்ட் 4-ல் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்புக்குத் தடை விதித்த பிறகுதான் பதவி திரும்பியது.

அந்தத் தடையை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான், குறிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். பல மனுக்கள் விழுவது இங்கேதான். 'வேலை போய்விடும்' என்ற ஒற்றை வரி போதாது. என்ன இழப்பு, பின்னால் விடுதலை ஆனாலும் அது ஏன் ஈடாகாது என்று விளக்கி எழுத வேண்டும். ஊழல் வழக்கென்றால் இன்னும் கடினம். பொது ஊழியர் விஷயத்தில் இந்தத் தடையை எளிதில் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லிவிட்டது.

மேல்முறையீட்டுக்கான கெடுவையும் கவனியுங்கள்: செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் (காவலில்) இருந்த நாட்கள் தண்டனையில் கழியும். அபராதம் கட்டத் தவறியதற்கான சிறைக்கு மட்டும் அந்தக் கழிவு கிடையாது. பணம் கட்டாமல் விட்டால் அந்தச் சிறையைத் தனியாக அனுபவிக்க வேண்டிவரும்.