மனநலப் பிரிவுத் தாதியின் நாட்குறிப்பு: கோலாலம்பூர், 2021

1 ஜூன் 2021, செவ்வாய்

முழு நடமாட்டக் கட்டுப்பாடு இன்று தொடங்கியது. கடந்த ஆண்டு மார்ச் 18-இல் முதல் ஆணை வந்தபோது வெறிச்சோடிய சாலைகள் விந்தையாக இருந்தன. இம்முறை செந்தூலைத் தாண்டியதும் இருந்த தடுப்பில் பணிக் கடிதத்தை நீட்டியபோது, எனக்கும் அதை வாங்கிப் பார்த்த காவலருக்கும் ஒரே அலுப்புத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளில் பொது வார்டுகள் ஒவ்வொன்றாகக் கோவிட் வார்டுகளாக மாறிவருகின்றன. எங்கள் மனநலப் பிரிவிலிருந்தும் தாதியரைக் கேட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் போக, எஞ்சியவர்களைக் கொண்டு பிரிவை நடத்த வேண்டும்.

"உங்கள் வார்டில் யாருக்கும் மூச்சுத் திணறல் இல்லையே, உங்களுக்கு என்ன பயம்?" என்று மாமியார் வழி உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். தென்கொரியாவின் சோங்டோவில் 2020 பிப்ரவரியில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அங்கிருந்த ஒரு மருத்துவமனையின் மூடிய மனநல வார்டில் ஏறத்தாழ நூறு நோயாளிகள் இருந்தார்கள்; அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் தொற்று பரவியது, அந்நாட்டின் முதல் கோவிட் மரணமும் அங்கேதான் நேர்ந்தது. மூடிய கதவு, ஒரே கூடத்தில் சாப்பாடு, நீண்ட காலத் தங்கல் ஆகியவை எங்களிடமும் உண்டு. மற்ற வார்டுகளில் சுவரில் மாட்டியிருக்கும் கைத்தூய்மிப் புட்டியை நாங்கள் மாட்ட முடியாது, அதிலுள்ள ஆல்கஹாலைக் குடித்துவிடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அவரவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறோம். முகக்கவசத்தின் கயிறுகூடச் சில நோயாளிகளிடம் கொடுக்கத் தகாத பொருள்.

9 ஜூன், புதன்

அறுவைப் பிரிவில் கத்தி செய்யும் வேலையை எங்கள் பிரிவில் முகமும் குரலும் செய்கின்றன. தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற அச்சத்தோடு நள்ளிரவில் காவல்துறை வாகனத்திலிருந்து இறங்கும் ஒருவரிடம் நம் பெயரைச் சொல்லி, இரு கைகளையும் அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, அவசரமின்றிப் பேசி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதிலேயே சிகிச்சையின் பாதி முடிந்துவிடும். அதற்குப் பிறகு பலர் மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

நேற்றிரவு வந்த இளைஞருக்குக் கோவிட் ஸ்வாப் பரிசோதனையின் முடிவு வரவில்லை என்பதால் முழுக் கவச உடையோடு அவர் அறைக்குள் போனோம். வெள்ளை உடையும் என்-95 கவசமும் முகத்தடுப்புமாக நின்ற எங்களைப் பார்த்து, "நீங்க எல்லாம் மனுசங்கதானா?" என்று தமிழில் கேட்டார். உடையின் மார்புப் பகுதியில் என் பெயரைத் தடித்த பேனாவால் தமிழில் எழுதியிருந்தேன். சென்ற ஆண்டிலிருந்தே இப்படிச் செய்கிறோம், சிலர் தங்கள் சிரித்த முகப் படத்தை ஒட்டிக்கொள்கிறார்கள். அவர் அதை வாசித்தார், நம்பவில்லை. கவசத்துக்குள்ளிருந்து கத்திப் பேசினால்தான் கேட்கும், ஆனால் கத்தினால் அது அதட்டலாகிவிடும். கடைசியில் ஐவர் சேர்ந்து அவரைப் பிடித்து ஊசி போட நேர்ந்தது.

கவச உடையோடு ஒருவரைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள்: கண்ணாடியில் நீராவி படிகிறது, மூச்சு முட்டுகிறது, உடை கிழிந்தால் தொற்று அச்சம். உண்மைதான். ஆனால் அந்தக் களைப்பு ஒரு தூக்கத்தில் போய்விடும். போகாமல் இருப்பது வேறொன்று: முகம் தெரிந்திருந்தால் பேச்சிலேயே அடங்கியிருக்கக்கூடிய ஒருவரை உடல் வலிமையால் அடக்கினோம் என்ற எண்ணம். உடையைக் கழற்றிக் குளித்து முடித்ததும் அடுத்த நோயாளியின் பதிவு காத்திருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை.

22 ஜூன், செவ்வாய்

கடுமையான மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசப்பின் என்ற மருந்தை உட்கொள்ளும் நோயாளிகளின் பட்டியலை மருந்தாளரோடு சரிபார்த்தேன். இம்மருந்து அரிதாக வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். அதற்காகவே பலர் பேருந்தேறி வந்துகொண்டிருந்தார்கள். இப்போது வர அஞ்சுகிறார்கள். காய்ச்சல் கண்டால் ஸ்வாப் எடுத்து முடிப்பதோடு நில்லாமல் அணுக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. புகை பிடிப்பவர் தனிமைப்படுத்தல் மையத்தில் சிகரெட் இல்லாமல் இருந்தால், அதே அளவு மாத்திரையிலேயே இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தொற்றால் உண்டாகும் அழற்சியும் அதை ஏற்றும். கோவிட் வார்டிலிருந்து அழைக்கும் இளம் மருத்துவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவர்கள் பங்குக்கு, கோவிட்டுக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதசோன் தொடங்கிய பிறகு இரவெல்லாம் தூங்காமல் பாடிக்கொண்டிருக்கும் முதியவரை என்ன செய்வது என்று எங்களிடம் கேட்கிறார்கள். இத்தகைய வேலை களைப்பைத் தருவதில்லை. கேட்ட கேள்விக்குச் சொல்லப் பதில் இருப்பதால் இருக்கலாம்.

2 ஜூலை, வெள்ளி

இவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில் 468 தற்கொலைகள் பதிவாகியிருப்பதாகக் காவல்துறை அறிவித்திருக்கிறது. சென்ற ஆண்டு முழுவதற்குமான எண்ணிக்கை 631. அடுக்குமாடிகளின் சன்னல்களில் வெள்ளைக் கொடிகள் தொங்குகின்றன. உணவில்லாதவர்கள் கேட்கக் கூச்சப்படாமல் கொடியேற்றட்டும் என்று மக்களே தொடங்கிய ஏற்பாடு அது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இன்னும் குற்றவாளியாகவே பார்க்கிறது. உணவுக்கு ஒரு கொடி போதுமானதாக இருக்கும் நாட்டில், இதற்கு உதவி கேட்டால் காவல்துறை வருமோ என்று குடும்பங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தைக் கடந்து வருகிறவர்களின் பேச்சைத்தான் நாங்கள் தொலைபேசியில் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மற்ற பிரிவுகளின் ஊழியர்களுக்கு மனநல ஆதரவு தரும் பொறுப்பும் எங்களுடையதே. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் 21 கேள்விகள் கொண்ட தாஸ் படிவத்தை அவர்களிடம் நிரப்பி வாங்குகிறோம். இம்மாதம் எங்களுக்கும் அதே படிவம் வந்தது, பெயரும் ஊழியர் எண்ணும் கேட்டு. கேள்விகளையும் மதிப்பெண் போடும் முறையையும் மனப்பாடமாக அறிந்தவர்கள் நாங்கள். எல்லோரும் "இயல்பு" என்றே வந்தோம்.

12 ஜூலை, திங்கள்

மீள்திறன், அதாவது நெருக்கடியிலிருந்து மீண்டெழும் மனத்திறன் குறித்து இணையவழிப் பயிலரங்கு. இரவுப் பணி முடித்தவர்களும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை. மூச்சுப் பயிற்சி நன்றாகவே இருந்தது, அதைக் குறைசொல்லமாட்டேன். எங்கள் நோயாளிகளுக்கும் அதையே சொல்லித் தருகிறோம். பிறகு கானரும் டேவிட்சனும் 2003-இல் வெளியிட்ட மீள்திறன் அளவுகோலைக் காட்டினார்கள். 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை, மொத்தம் நூறு. மாற்றத்துக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளுதல், தோல்வியில் துவளாமை என்று ஏறக்குறைய எல்லாமே பதில் சொல்பவரின் மனத்தைப் பற்றியவை. ஆராய்ச்சிக்கு அது போதும். ஆனால் நிர்வாகத்தின் கைக்கு வரும்போது, குறைந்த மதிப்பெண் பெற்றவர் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டியவராகிவிடுகிறார். எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை தாதியர், இரவுப் பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்ற கேள்விகள் படிவத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

டொராண்டோ மருத்துவமனைகளில் 2003-இல் சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த ஊழியர்களை ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் ஆராய்ந்தார்கள். சார்ஸ் எட்டாத மருத்துவமனைகளின் ஊழியர்களைவிட அவர்களிடம் பணிச்சோர்வும் மனத் துயரும் கூடுதலாக இருந்தன. தமக்குப் போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று கருதியவர்கள் ஒப்பீட்டளவில் நன்றாக இருந்தார்கள். அதாவது அந்த மூன்றும் வெளியிலிருந்து கிடைக்க வேண்டியவை. பயிலரங்கின் கேள்வி நேரத்தில் இதைச் சொன்னேன். நல்ல கருத்து என்று நன்றி கூறினார்கள்.

26 ஜூலை, திங்கள்

காலை 11 மணிக்கு ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புடையில் வெளிநடப்புச் செய்தார்கள். 2016 இறுதியிலிருந்து நடைமுறையிலிருக்கும் ஒப்பந்த முறையில் நிரந்தரப் பணி பற்றிய உறுதி இல்லை. சிறப்பு மருத்துவர் வார்டைப் பார்த்துக்கொண்டார். அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்த எங்கள் இளம் மருத்துவரின் முகத்தில் பல வாரங்களாகக் காணாத தெளிவு.

27 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று நாட்டில் பதிவான புதிய கோவிட் தொற்றுகளின் எண்ணிக்கை 24,599. கோவிட் வார்டுக்கு அனுப்பப்பட்டிருந்த அக்கா ஒருவர் எங்களிடம் திரும்பியிருக்கிறார். சாப்பாட்டு வேளையில், வீட்டில் கைப்பேசி மணியடித்தால் கை நடுங்குகிறது என்றார். வார்டில் கடைசிக் காணொளி அழைப்புகளுக்குக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். சிகிச்சை பெறலாமே என்றேன். "எங்கே போக? இதே நடைவழியில் நானே பெயரைக் கூப்பிட்டு நானே உட்காரவா?" என்று சிரித்தார். 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கிய சமூகம் நம்முடையது. அதில் வளர்ந்த கூச்சம், மனநலத் தாதி என்பதற்காக எங்களை விட்டுவிடுவதில்லை. வேறு மருத்துவமனையில் முன்பதிவு செய்ய எங்கள் வார்டின் பொறுப்புத் தாதியான சிஸ்டர் உதவினார். காரணத்தைப் பதிவேட்டில் எழுதாமல் பணிநேரத்தையும் மாற்றிக்கொடுத்தார்.

அதே சிஸ்டர் இன்னொன்றும் செய்திருக்கிறார். ஒருவரைப் பிடித்து ஊசி போட நேர்ந்த ஒவ்வொரு முறையும், உடையைக் கழற்றிய பிறகு அதில் ஈடுபட்ட அனைவரும் கால் மணி நேரம் உட்கார வேண்டும். மருத்துவரும் உதவியாளரும் சமமாக, எங்கே பேச்சு முறிந்தது, அடுத்த முறை யார் முன்னால் நிற்பது என்று பேச வேண்டும். அந்த நேரத்தில் மணியடித்தால் அவரே போகிறார். சென்ற வாரம் அண்ணன் ஒருவர், நம் உதவியாளர்களில் மூத்தவர், அறைக்குள் நுழையுமுன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முகத்தைக் காட்டி நின்று பேசலாம் என்றார். கதவு மூடியிருப்பதால் தொற்று அச்சமும் இல்லை. இரண்டு பேர் விஷயத்தில் பலித்தது, மூன்றாமவரிடம் பலிக்கவில்லை. இருந்தாலும் அதை நடைமுறையாக்கிவிட்டோம்.

11 அக்டோபர், திங்கள்

பெரியவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினர் இரு தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டதால் இன்று முதல் மாநிலம் கடக்கலாம். விடுப்புப் படிவங்கள் குவிந்துவிட்டன. தைப்பிங், சுங்கை பட்டாணி, மூவார் என்று எல்லோருக்கும் பார்க்க வேண்டிய தாய் தந்தையர். ஒரு பணிநேரத்தில் இருவருக்குமேல் விட முடியாது என்பதால் யார் முதலில் என்ற வாக்குவாதம் எழுந்தது. கோவிட் வார்டுகளுக்கு ஆள் போனபோது இடைவெளியின்றி நின்றவர்கள் உதவியாளர்களே, ஆகவே அவர்கள் முதலில், பிறகு திரும்பி வந்தவர்கள், மற்றவர்கள் தீபாவளிக்குப் பின் என்று முடிவாயிற்று. என் பெயர் நவம்பர் மூன்றாம் வாரத்தில் இருக்கிறது.

கால் மணி நேர அமர்வுகளுக்கு எந்தச் சுற்றறிக்கையின் அனுமதி என்று நிர்வாகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. பணி ஒப்படைப்பின் ஒரு பகுதி என்று சிஸ்டர் பதில் எழுதி, ஒப்படைப்புப் பேரேட்டில் அதற்கென்று ஒரு பத்தியைக் கோடு போட்டுச் சேர்த்துவிட்டார். இன்று மாலைப் பணியில் அதை நிரப்பியது நான்.