கரூர்த் துண்டும் கடல்கடந்த விற்பனையும்: ஓர் இணையவழிக் கற்றல் குழுவின் அனுபவம்

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளின் ஏற்றுமதி ஊறிப்போன தொழில். ஆயினும் எங்கள் வணிகவியல் மாணவர்களுக்கு அது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் ஆவணப் பட்டியலாகவே இருந்தது. அதை மாற்ற விரும்பி, மாணவர்களையும் தொழிலில் உள்ள முன்னாள் மாணவர்களையும் கூகுள் கிளாஸ்ரூமிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே குழுவாக இணைத்தோம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது என்பதால், அங்கிருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு நேரலை வகுப்பைவிட எழுத்துவழி உரையாடலே ஏற்றதாக இருந்தது.

ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை ஒரு மாணவியின் தாயார் நடத்தும் தையற்கூடத்தின் பெயரில் பெற்றோம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் தந்து 500 ரூபாய் செலுத்தினால் வேலை முடிந்துவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும் என்பதுதான் பலர் மறந்துவிடும் செய்தி.

மிகுதியான உழைப்பைக் கேட்டது பொருள் விவரம் எழுதும் பணியே. 'உயர்தரச் சமையலறைத் துண்டு' என்று எழுதியவரிடம், முழுப் பருத்தியா, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எவ்வளவு, சென்டிமீட்டரில் நீள அகலம் என்ன, துவைத்தால் சுருங்குமா என்று சிங்கப்பூரிலிருந்து கேள்விகள் வந்தன. சமையலறைத் துண்டு 6302 என்னும் எச்எஸ் (பன்னாட்டுச் சரக்கு வகைப்பாடு) தலைப்பிலும், தரை துடைக்கும் துணி 6307இலும் அடங்கும் என்பதை மாணவர்கள் தமக்குள் வாதிட்டே கண்டறிந்தார்கள். நான் சொல்லித் தந்திருந்தால் அது அவர்கள் மனத்தில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

அமெரிக்காவுக்கு அனுப்பும் எண்ணத்துக்கு இடையில் ஒரு தடை வந்தது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த சுங்கவரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா நீக்கியது. இந்திய அஞ்சல் துறையும் அந்நாட்டுக்கான பெரும்பாலான பொதிகளை ஏற்பதை நிறுத்தி, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் மாணவர்கள் சோர்ந்துவிடாமல், வரியை நாமே முன்கூட்டிச் செலுத்தினால் ஒரு துண்டின் விலை எவ்வளவு உயரும், எத்தனை துண்டுகளை ஒரே பொதியில் கட்டினால் அஞ்சல் செலவு குறையும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்குத் தாளைக் குழுவில் எல்லோரும் திருத்தும்படி வைத்தார்கள். எந்தப் பாடநூலும் தந்திராத பயிற்சி அது.

எங்கள் முதல் பொதி சிங்கப்பூருக்கே சென்றது. அதற்கான அஞ்சல்வழி ஏற்றுமதிப் படிவத்தை டாக் கர் நிர்யாத் கேந்திரா என்னும் அஞ்சல் துறையின் ஏற்றுமதிச் சேவைத் தளத்தில் நிரப்பிய மாணவியே இப்போது புதிதாகச் சேர்ந்தவர்களின் படிவங்களைச் சரிபார்த்துத் தருகிறார்.