பார்த்தேன், ஆனால் வண்டி தெரியவில்லை

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகளாக பைக்கில் போய் வருகிறேன். ஒரு மார்கழிக் காலையில் குரோம்பேட்டை அருகே எதிர்ப்பக்கத்திலிருந்து யு-டர்ன் எடுத்த லோடு வண்டி ஒன்று நேராக என் முன்னால் வந்து நின்றது. இரண்டு பிரேக்கையும் அழுத்தியும் நிற்காமல் அதன் பின்சக்கரத்தில் போய் மோதினேன். முழங்காலில் சிராய்ப்பும் வளைந்துபோன ஹேண்டில்பாரும்தான் மிச்சம் என்பது என் நல்லூழ். திரும்புவதற்கு முன் அந்த ஓட்டுநர் என் பக்கம் முகத்தைத் திருப்பியதை நான் கண்ணால் கண்டிருந்தேன். அதைச் சொல்லிக் கேட்டபோது, "பார்த்தேன் சார், ஆனா வண்டி தெரியலை" என்றார். அன்று அதை வெறும் சாக்கு என்றே எண்ணினேன்.

அவர் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை என்பது பிறகு இதைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. நம் கண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நின்று பார்க்கிறது. தாவும் அந்தக் கணத்தில் நமக்கு எதுவும் சரியாகப் புலப்படுவதில்லை என்றாலும், மூளை அந்த இடைவெளியை நமக்குத் தெரியாமலே நிரப்பிவிடுகிறது. அப்படிப்பட்ட இடைவெளிக்குள் ஒரு பேருந்து முழுதாக மறைவது கடினம். ஒல்லியான ஒரு பைக் சுலபமாக மறைந்துவிடும். முன்கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் தூணும் தன் பங்குக்கு ஓர் ஆளையும் வண்டியையும் சேர்த்து மறைக்கிறது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: நேருக்கு நேர் வரும் பொருள் பக்கவாட்டில் நகர்வதாகத் தெரியாது. தொலைவில் ஒரு புள்ளியாகவே நின்றுகொண்டிருந்துவிட்டு, அருகில் வந்த பிறகே சட்டென்று பெரிதாகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நாம் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அவருக்கு 'தெரியும்' நேரத்துக்குள் நமக்கு நிறுத்த இடமிருக்காது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்தபடியே இருக்க வேண்டும் என்று விதி வந்தது இதற்காகத்தான். தொடக்கத்தில் எதிரே வருபவர்கள் எல்லாம் விரல்களைக் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று கருணையோடு சைகை காட்டியது நினைவிருக்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளியைத் திருப்பி அனுப்பும் உடையோ பளிச்சென்ற ஒளிர்நிற உடையோ அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் வாய்ப்பு 37 சதவீதமும், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதமும் குறைவாக இருந்தது. அப்படி உடுத்துபவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனாலும் அடுத்து வாங்கியது வெள்ளை ஹெல்மெட்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தாடைப் பட்டை இறுகப் பூட்டுகிறதா என்பவை நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்மில் பெரும்பாலோர் கறுப்பு அல்லது கருநீல ரெயின்கோட்டில்தான் போகிறோம்; தெரிந்தாக வேண்டிய நேரத்தில் இருட்டையே உடுத்திக்கொள்ளும் இந்த வழக்கம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. என் ரெயின்கோட்டின் முதுகில் இரண்டு ஒளிப்பட்டைகளை ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஆனால் நிறத்தையும் விளக்கையும்விட, சாலையில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதே முக்கியம் என்று என் அனுபவம் சொல்கிறது. பேருந்தின் வாலை ஒட்டிப் போகும்போது எதிரே திரும்பக் காத்திருப்பவருக்குப் பேருந்து மட்டும்தான் தெரியும். அது கடந்ததும் சாலை காலியென்று அவர் திருப்பிவிடுவார். பேருந்தின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நான் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடப்பக்கச் சந்தில் நுழைவதை அறவே விட்டுவிட்டேன். படியிலிருந்து இறங்குபவர் நம்மை எதிர்பார்ப்பதில்லை. யு-டர்ன் திறப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, பிரேக்கில் விரலை வைத்து, என் தடத்துக்குள்ளேயே மெதுவாகச் சற்று இடப்பக்கம் நகர்கிறேன். அந்தச் சிறு பக்கவாட்டு அசைவு எதிரே இருப்பவரின் கண்ணை இழுக்கும். ஓட்டுநரின் முகத்தை நம்புவதை நிறுத்திவிட்டு, அவர் வண்டியின் முன்சக்கரத்தையே பார்க்கிறேன். முகம் நம் பக்கம் இருக்கும்போதே சக்கரம் உருளத் தொடங்கிவிடுவது உண்டு.

பின்னால் வருபவரைப் பற்றி நான் வெகுநாள் நினைக்கவே இல்லை. பிரேக் விளக்கின் பல்பு எரிவதில்லை என்று ஒருநாள் பல்லாவரம் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எத்தனை நாள் அப்படி ஓட்டினேனோ! இப்போது மாலையில் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது, வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்கு நேராக வைத்து இரண்டு பிரேக்கையும் ஒவ்வொன்றாக அழுத்தி, சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டே கியரைப் போடுகிறேன்.